கோட்டை பார்க்கப் போய்க் கிணறு எட்டிப் பார்த்த கதை

புறப்படும் முன்

இந்த ராஜஸ்தான் பயணத்தின் திட்டத்தைக் கடைசி நாளிலிருந்துதான் போட ஆரம்பித்தோம். ஜோத்பூரை ஒட்டிய பகத் கீ கோட்டி நிலையத்திலிருந்து மன்னார்குடிக்கு வாரத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது. அக்காவுக்குப் போகும்போது விமானம் சரி. வரும்போது கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வர வேண்டும். எனவே அந்த ரயிலின் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ணினோம். ஒன்பது நாள் கிடைத்தது.

போகிறவர்கள் மூவர். அக்கா, அத்தான், நான். அத்தான் பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கலுங்கு என்று சிவகங்கைச் சீமை முழுக்க அலைந்து ஓய்வு பெற்றவர். நான் கோட்டைப் பைத்தியம். நான் முதலில் எழுதிய திட்டத்தில் ஜெய்ப்பூர், அஜ்மீர், சித்தூர், உதய்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் எல்லாம் இருந்தன. அக்கா படித்துவிட்டு, "இது பயணமா, பேப்பர் போடுகிற வேலையா?" என்று கேட்டாள். பேனாவை வாங்கி நான்கு ஊர்களை அடித்தாள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் காரில் உட்காருவதில்லை, நீண்ட நாள் ஒன்றே ஒன்று இருக்கலாம், அவ்வளவுதான் என்றாள். மிஞ்சியது பாலைவனம் மட்டும்: மண்டாவாவில் ஒரு இரவு, பிகானேரில் இரண்டு, ஜெய்சல்மேர் பக்கம் மூன்று, ஜோத்பூரில் இரண்டு.

மாதம் தை. வடநாட்டு மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும். அப்போது அறை வாடகை ஏறிவிடும், அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். கோடையைப் பற்றிப் பேச்சே இல்லை. வழியில் வரும் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவாகியிருக்கிறது.

வண்டியை டெல்லியில் எடுக்காமல் ஜெய்ப்பூரில் எடுத்தோம், மாநில எல்லை வரி மிச்சம். ஆனால் ஒன்று: நீங்கள் ஜோத்பூரில் இறங்கிக்கொண்டாலும், வண்டி ஜெய்ப்பூருக்குக் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் பணம் உண்டு. அதை முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கவில்லை; கடைசி நாளில் அக்கா பேச வேண்டிவந்தது.

நாள் 1: மண்டாவா

ஜெய்ப்பூருக்கு ஒரு காலைப்பொழுதுகூடக் கொடுக்காமல் வடமேற்கே கிளம்பிவிட்டோம். மண்டாவா சுமார் 170 கிலோமீட்டர். ஷேகாவாட்டி எனப்படும் இந்த வட்டாரத்தில் வணிகர்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய மாளிகைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. 'ஹவேலி' என்கிறார்கள்.

காரைக்குடிக்காரனுக்கு இந்த ஊரில் வழிகாட்டி தேவையில்லை. கொண்டுவிற்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனவர்கள், சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரில் வீடு கட்டினார்கள். பிறகு போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. திண்ணையில் ஒரு காவல்காரர், இடுப்பில் சாவிக்கொத்து. பர்மா, மலேயா என்று ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் எங்கள் தெருவின் கதை. வேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பர்மாத் தேக்கை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்; இவர்கள் செல்வத்தைத் தெருப்பக்கச் சுவரில் எழுதிவைத்தார்கள். ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய ஓவியங்கள். கிருஷ்ணன், யானை, ஒட்டகம் என்று போய்க்கொண்டிருந்தவை, 20-ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் மோட்டார் கார், தொலைபேசி, ரைட் சகோதரர்களின் விமானம் என்று மாறுகின்றன. வரைந்தவர்களில் பலர் அவற்றை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு ரயில்வண்டியின் சன்னல்களில் அத்தனை பயணிகளும் ஒரே திசையில், ஒரே முகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தானைக் காணவில்லை. ஊர் ஓரத்துக் கிணற்றடியில் இருந்தார். நான்கு மூலையிலும் நான்கு உயரமான தூண் கோபுரங்கள் உள்ள கிணறு. "மசூதியோ என்று நினைத்தேன் மாப்பிள்ளை. கிணறு! மணலில் வருகிறவனுக்குத் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்று கோபுரம் வைத்திருக்கிறான்" என்றார். ஊருக்குள் வந்த பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். குளிர் ஆறு டிகிரி. அக்கா இரண்டு கம்பளிக்குள் இருக்கிறாள்.

நாள் 2: பிகானேர்

நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். எங்கள் ஓட்டுநர் அத்தானை 'ஜீஜா சா' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அக்கா கணவர் என்று தெரிந்ததும் அவருக்கும் அக்கா கணவராகிவிட்டார்! 'சா' இவ்வூர் மரியாதை விகுதி.

பிகானேரை 1488-இல் நிறுவியவர் ராவ் பிகா. ஜோத்பூரை நிறுவிய ராவ் ஜோதாவின் மகன். ஜூனாகட் கோட்டை, ராஜஸ்தானத்தில் நான் பார்க்க விரும்பிய மற்றக் கோட்டைகளைப்போல் மலைமேல் இல்லை. சமதரையில், அகழி சூழ நிற்கிறது. அக்பரின் படைத்தலைவர்களுள் ஒருவரான ராஜா ராய் சிங் 1589 முதல் 1594 வரை கட்டியது. உள்ளே தங்க இலை வேலைப்பாடுகளுடன் அனூப் மகால் இருக்கிறது. கூட்டம் அங்கேதான் நிற்கிறது. முதல் உலகப் போர்க்கால விமானம் ஒன்றுகூட உள்ளே இருக்கிறது. என்னை நிறுத்தியது பாதல் மகால். 'பாதல்' என்றால் மேகம். சிறிய அறை. சுவர் முழுக்கச் சுருள் சுருளாக நீலக் கருமேகம். நடுவே பாம்புபோல் நெளியும் மின்னல். கீழே சரம்சரமாக மழை. மழையே காணாமல் வளரும் அரண்மனைப் பிள்ளைகள் இடி மின்னலுக்குப் பயப்படக்கூடாது என்பதற்காக வரைந்தது என்று வழிகாட்டி சொன்னார். கதையாகவே இருக்கட்டும். அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அத்தானுக்கு இந்த ஊரில் ஒரு தலைவர் கிடைத்துவிட்டார்: மகாராஜா கங்கா சிங். 1899-1900-இல் வந்த பஞ்சத்தை இங்கே 'சப்பனியா' என்கிறார்கள். விக்கிரம ஆண்டு 1956 என்பதால் 'ஐம்பத்தாறாம் பஞ்சம்'. அப்போது கங்கா சிங்குக்கு வயது இருபதுகூட இல்லை. பிற்பாடு சட்லெஜ் ஆற்று நீரைப் பாலைவனத்துக்கு இழுத்துவந்தார். 1927-இல் கங்கா கால்வாய் திறக்கப்பட்டது. கசிவு போகாமல் அடிப்பாகமும் கரையும் பூசிய கால்வாய். "பூசிய கால்வாய், அந்தக் காலத்தில்!" என்று அத்தான் இரவுச் சாப்பாட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள் 3: பிகானேர், தேஷ்நோக்

காலையில் தெற்கே 30 கிலோமீட்டரில் தேஷ்நோக், கர்ணி மாதா கோயில். ஆயிரக்கணக்கான எலிகள். 'கபா' என்பது அவற்றுக்குரிய பெயர். வெறுங்காலுடன் நடக்க வேண்டும். காலின்மேல் ஏறி ஓடினால் நல்லது, வெள்ளை எலி கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. அணைமேலும் மதகுமேலும் முப்பது ஆண்டு நடந்த அத்தான் வாசலோடு நின்றுவிட்டார். அக்கா உள்ளே போய் வெள்ளை எலியைப் பார்த்துவிட்டு வந்தாள். மாலை வரை அந்தப் பெருமை முகத்திலிருந்து இறங்கவில்லை.

பாண்டாசர் சமணக் கோயிலின் அஸ்திவாரத்தில் நாற்பதாயிரம் கிலோ நெய் ஊற்றினார்களாம், தண்ணீருக்குப் பதில். அத்தான் தணிக்கை அதிகாரியின் முகத்தோடு கேட்டுக்கொண்டார். ஆனால் இந்தக் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே நெய்யைவிடத் தண்ணீர் அரிது என்று நினைத்த ஊரால்தான் இப்படிக் கதை கட்ட முடியும். சமையலும் அப்படியே. பால், மோர், நெய், கடலைமாவு, கம்பு ரொட்டி. காய்கறி என்று வருவது வெயிலில் உலர்த்திவைத்த கேர், சாங்ரி. நரிப்பயறு மாவில் பிழியும் புஜியாவைக் கடைவீதியில் கண்முன்னே பிழிந்து தருகிறார்கள். 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. இரண்டு கிலோ வாங்கினோம். ஊர் போய்ச் சேருமா தெரியவில்லை.

நாள் 4: நீண்ட நாள்

அக்கா அனுமதித்த அந்த ஒரே நீண்ட நாள் இதுதான். ஜெய்சல்மேருக்கு 330 கிலோமீட்டர். இதில் நான் ஒரு பிழை செய்தேன், மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று எழுதுகிறேன். பலோடி அருகே கீச்சன் என்ற கிராமத்துக்குக் குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியா பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் சாம்பல் நிறக் கொக்குகள் வருகின்றன. 'குர்ஜா' என்கிறார்கள். ஊரார் வேலி போட்ட களத்தில் தானியம் இறைக்கிறார்கள், அது காலையில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. களத்தில் புறாக்கள் மட்டும் இருந்தன. முந்தின இரவு பலோடியில் தங்கியிருக்க வேண்டும்.

"உன் திட்டம்" என்றாள் அக்கா. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

காப்பாற்றியவர் அத்தான். "தானியம் தின்ற பறவை எங்கே போகும்? தண்ணீருக்குத்தான்." ஊர்க் குளம் எங்கே என்று ஓட்டுநரைக் கேட்கச் சொன்னார். குளக்கரையில் அத்தனையும் நின்றன. கழுத்தில் கறுப்பு, கண்ணுக்குப் பின்னால் வெண்முடிக் கற்றை. கூட்டம் கூட்டமாக இறங்குவதும் எழுவதும், பழைய கதவு திறப்பதுபோல ஓயாத ஒலியும். ஒன்றரை மணி நேரம் அங்கேயே போனது.

இந்தச் சாலையின் இருபக்கமும் இப்போது சூரிய மின்தகடுகள். பலோடிக்கு வடக்கே பத்லாவில் உள்ளது உலகின் மிகப் பெரிய சூரிய மின் பூங்காக்களில் ஒன்று, 2,245 மெகாவாட். உயர் அழுத்தக் கம்பிகள் வானத்தைக் கோடு போட்டுவைத்திருக்கின்றன. நாம் கானமயில் என்று அழைக்கும் பறவை, இவர்களுடைய 'கோடாவண்', கொங்கு நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது. இன்று இந்தியாவில் மொத்தம் இருநூறுகூட இல்லை, பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான். கனத்த உடம்பு, எதிரே உள்ளது சட்டென்று தெரியாத பார்வை. கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகும்படி 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024-இல் அதைத் தளர்த்தியது. நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. கம்பிகளைத்தான் பார்த்தோம்.

பொக்ரானில் தேநீருக்கு நின்றோம். 1974, 1998 அணுச் சோதனைகளின் நிலம் சாலையிலிருந்து தெரியாது, போகவும் முடியாது. ராமேசுவரத்துக்காரர் ஒருவர் ராணுவ உடையில், வேறு பெயரில் இந்த மணலில் நடந்திருக்கிறார் என்பதை அக்காதான் கடைக்காரரிடம் அரைகுறை இந்தியில் தொடங்கினாள். "கலாம் சாப்!" என்று அவர் முடித்தார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை. சம்சம் இனிப்புக்கு வாங்கிக்கொண்டார், அது வேறு கணக்கு.

இருட்டியபின் ஜெய்சல்மேர். கோட்டை விளக்கொளியில் மிதக்கிறது. நாளை.

நாள் 5: ஜெய்சல்மேர்

1156-இல் ராவல் ஜைசல் நிறுவிய ஊர். திரிகூட மலைமேல் மஞ்சள் மணற்கல் கோட்டை, 99 கொத்தளங்கள். யுனெஸ்கோ 2013-இல் பட்டியலில் சேர்த்த ஆறு ராஜஸ்தான் மலைக்கோட்டைகளில் மக்கள் இன்றும் பெருமளவில் குடியிருக்கும் கோட்டை இது. துணி உலர்கிறது, குக்கர் கூவுகிறது, சந்தில் பசு வழிவிட மறுக்கிறது. சமணக் கோயில்களின் செதுக்கலைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. கல்லைக் கல்லோடு பூட்டி, சாந்தில்லாமல் எழுப்பியிருக்கும் வீடுகளை அத்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

எங்கள் அறை கோட்டைக்கு உள்ளே இல்லை. திட்டம் போடும்போதே அத்தான் பிடிவாதமாகச் சொன்னது அது ஒன்றுதான். காரணத்தை இன்று நேரில் காட்டினார். மழை மிகக் குறைந்த ஊரில், குடத்தில் சுமந்து வந்த தண்ணீரை அளந்து செலவிட்ட மக்களுக்காகக் கட்டிய கோட்டை இது. பிறகு குழாய்த் தண்ணீர் மேலே ஏறியது, விடுதிகள் வந்தன, குளியலறைகள் வந்தன. ஊற்றிய தண்ணீர் வடிய வழியில்லாமல் குன்றின் களிமண் அடுக்குகளில் இறங்குகிறது. 1990-களில் சில கொத்தளங்கள் சரிந்தன. எண்ணூறு ஆண்டுகளாகத் தண்ணீர் இல்லாமல் நின்ற கோட்டைக்கு இப்போது தண்ணீரால் ஆபத்து. சரிவின் கீழே ஓர் இடத்தில் கல் ஈரமாக, கறுத்து இருந்தது. அத்தான் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். மேலே மொட்டைமாடி உணவகம் ஒன்றில் இசை ஓடிக்கொண்டிருந்தது.

மாலை கடிசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சிங் திருத்திக் கட்டியது. பல நூற்றாண்டுகள் ஊருக்குக் குடிநீர் இதுதான். வாசலில் 'திலோன் கீ போல்' என்ற வளைவு. திலோன் ஒரு தாசி. அவள் கட்டிய வாசலின் கீழே அரச குடும்பத்துப் பெண்கள் நடப்பதா என்று இடிக்க ஏற்பாடு நடந்ததாம். அவள் இரவோடிரவாக வாசலின்மேல் கிருஷ்ணன் கோயிலை வைத்துவிட்டாள். யார் இடிப்பார்கள்? "கெட்டிக்காரி" என்றாள் அக்கா. இந்தப் பயணத்தில் அவள் யாருக்கும் கொடுத்த முதல் சான்றிதழ்.

நாள் 6: தனோட், லோங்கேவாலா

எல்லைப் பக்கம். தனோட் 120 கிலோமீட்டர். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அங்குள்ள தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர் பராமரிக்கிறார்கள். 1965 போரில் வளாகத்தில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். லோங்கேவாலா, 1971 டிசம்பர் 4 இரவு நூற்றுச் சொச்சம் இந்திய வீரர்கள் பாகிஸ்தானின் டாங்கிப் படையை விடியும் வரை தடுத்து நிறுத்திய இடம்; விடிந்ததும் விமானங்கள் வந்தன. துருப்பிடித்த டாங்கி ஒன்றின்மேல் பிள்ளைகள் ஏறி நின்றார்கள்.

வழியில் ராம்கட்டில்தான் எங்கள் நாள் கழிந்தது. இந்திரா காந்தி கால்வாயின் கிளை இங்கே வருகிறது. பஞ்சாபில் ஹரிகேயில், சட்லெஜும் பியாஸும் கூடும் இடத்தில் புறப்பட்ட தண்ணீர். வேலை 1958-இல் தொடங்கியது. மணல் நடுவே கடுகு பூத்திருந்தது. தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், ஓட்டுநர் மொழிபெயர்க்க, அத்தானுக்குப் பாடம் எடுத்தார். தண்ணீர் மூன்று வகை. மழையாய் விழுந்து குளத்தில் நிற்பது 'பாலர் பானி'. ஆழக் கிணற்றில் இருப்பது 'பாதாள் பானி', பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே, மணலுக்கடியில் கல் பட்டை ஓடும் இடத்தில், கீழே இறங்க முடியாமல் ஈரமாக நிற்பது 'ரெஜானி பானி'. ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலத்தில் 'குயீ' தோண்டினால் அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகச் சேரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம். இனிப்பான தண்ணீர்.

அத்தான் குறிப்பேட்டை எடுத்து 'ரெஜானி' என்பதைத் தமிழில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார். பெரியவர் அந்த எழுத்தை ஆர்வமாகப் பார்த்தார்.

இரவு சாம் என்ற இடத்தில் மணல்மேட்டுக் கூடாரம். பாலைவன நிசப்தம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். பக்கத்துக் கூடாரவரிசை ஒலிபெருக்கி பதினொன்றரைக்கு ஓய, எங்களுடையது தொடங்கியது. சாம் பக்கம் போகிறவர்கள் பகலில் போய் மணலைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

நாள் 7: குல்தரா, ஜோத்பூர்

குல்தராவைப் பேய்க் கிராமம் என்று விற்கிறார்கள். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து 19-ஆம் நூற்றாண்டில் கைவிட்ட ஊர். திவான் சாலிம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டதால் ஒரே இரவில் எல்லோரும் சபித்துவிட்டுப் போனார்கள் என்பது கதை. தண்ணீர் வற்றியதும் வரி ஏறியதும் காரணம் என்பவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது அவர்கள் விட்டுப்போன 'கடீன்'. கற்சரிவில் வழியும் மழைநீரைத் தாழ்ந்த இடத்தில் நீண்ட மண்கரை கட்டி மறிப்பது. நீர் மண்ணில் இறங்கிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பது. வேறு பாசனமே கிடையாது. "நம் கண்மாய்தான் மாப்பிள்ளை. ஆனால் இவன் கண்மாய்க்குள்ளேயே விதைக்கிறான்" என்றார் அத்தான். பேய் பார்க்க வந்த கூட்டத்துக்கு அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மீதிப் பகல் கார். பேச ஒன்றுமில்லை. புஜியா ஒரு கிலோ தீர்ந்தது.

நாள் 8: ஜோத்பூர்

மெஹ்ரான்கட்தான் நான் பார்த்த கோட்டைகளில் பெரியது என்று மனம் சொல்கிறது. பாறை எங்கே முடிந்து மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. 1459-இல் ராவ் ஜோதா தொடங்கியபோது இந்தப் பாறையில் இருந்த துறவி வெளியேற்றப்பட்டார். உன் கோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும் என்று சபித்துப் போனார் என்பார்கள். பரிகாரமாக ராஜாராம் மேக்வால் என்பவரை உயிரோடு அஸ்திவாரத்தில் புதைத்தார்கள். அவர் பெயர் பொறித்த கல் வாசலருகே இருக்கிறது. பீரங்கிக் குண்டுத் தழும்புகளைக் காட்ட வழிகாட்டிகள் முண்டியடிக்கிறார்கள். இந்தக் கல்லின்முன் அதிகம் பேர் நிற்கவில்லை. லோகா போல் வாசலில் உடன்கட்டை ஏறிய அரசிகளின் கைச்சின்னங்கள். அக்கா அங்கே எதுவும் பேசவில்லை. படமும் எடுக்க விடவில்லை.

மாலை தூர்ஜி கா ஜால்ரா, 1740-களில் ஓர் அரசி கட்டிய படிக்கிணறு. குப்பையும் சேறும் மூடிக் கிடந்ததைச் சில ஆண்டுகளுக்கு முன் தூர்வாரியிருக்கிறார்கள். பையன்கள் மேல் படியிலிருந்து குதிக்கிறார்கள். மிளகாய் வடை நல்ல காரம்.

நாள் 9: கேஜர்லி, ரயில்

ரயிலுக்கு நேரம் இருந்தது. கேஜர்லிக்குப் போனோம். 1730-இல் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு மரம் வெட்ட வந்தவர்களை அம்ருதா தேவி என்ற பிஷ்னோய்ச் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு தடுத்தார். அவரையும் சேர்த்து 363 பேர் வெட்டுண்டார்கள். மரம் 'கேஜ்ரி'. ஒரு வாரமாகச் சாங்ரி சாங்ரி என்று தின்றது இந்த மரத்தின் காய். அக்கா கிளையை இழுத்து இலையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். "தம்பி, இது வன்னி மரம் அல்லவா?" என்றாள். ஆமாம், விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாகச் சுற்றிவருகிறோமே, அதே வன்னி. அதைக் குழம்பு வைக்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை!

விடுதிக்குத் திரும்பிப் பெட்டியை எடுக்கும்போது தெருவில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம். பக்கத்துக் கடையின் நிலவறையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை, குழாய் உடைப்பும் இல்லை. கால்வாய்த் தண்ணீர் ஊருக்கு வந்தபிறகு பழைய கிணறுகளில் யாரும் இறைப்பதில்லை. ஏரியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிவு வேறு. நிலத்தடி நீர் ஏறி நிலவறைக்குள் வருகிறது. தினமும் இறைக்கிறோம் என்றார் கடைக்காரர், காய்கறி விலை சொல்வதுபோல. துறவி சபித்த ஊரில்!

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைக்காரரின் டார்ச்சை வாங்கி நிலவறைப் படியில் இறங்கினார். ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம். ஓட்டுநர் வண்டியை உயிர்ப்பித்துவிட்டார். அக்கா தெருவிலிருந்து கூப்பிட்டாள். கீழேயிருந்து பதில் வந்தது:

"முழங்கால் அளவு இருக்கிறது. வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பில்லை."